பால் கொடுக்க வசதியான உடை வீட்டிலேயே தைக்க: ஜிப் எங்கே வைப்பது, என்ன துணி எடுப்பது?

கேள்வி: புதுநூல்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. குழந்தை பிறந்த பிறகு போட்டுக்கொள்ள நானே நாலைந்து உடை தைத்து வைக்கலாம் என்று ஆசை. நேர்த் தையல் நன்றாக வரும். தலையணை உறை, பை, முன்பக்கம் யோக் (தோளிலிருந்து நெஞ்சு வரை தனியாக வெட்டி இணைக்கும் மேல்துண்டு) வைத்த சாதாரண நைட்டி வரை தைத்திருக்கிறேன். ஜிப் வைத்தது பைக்கு மட்டும்தான். உடம்பில் போடும் துணிக்கு இதுவரை வைத்ததில்லை.

ரெடிமேட் ஃபீடிங் நைட்டி சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் ஜிப் அக்குளுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. இன்னொன்றில் திறப்பு மிகவும் மேலே இருக்கிறது. துணியும் வழவழவென்று வேர்க்கிற ரகம். என் உடம்புக்குச் சரியாக வேண்டுமென்றால் நானே தைப்பதுதான் வழி என்று தோன்றுகிறது.

தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஜிப், பட்டன், ஒன்றின் மேல் ஒன்று மடிந்து வரும் மாதிரி, இதில் எது புதிதாகத் தைப்பவருக்குச் சரிவரும்? இப்போது எடுக்கும் அளவு குழந்தை பிறந்த பிறகு பொருந்துமா? எந்தத் துணி எடுக்கலாம்? பழைய டி-சர்ட் நிறைய இருக்கிறது, அதையும் மாற்றித் தைக்க முடியுமா?

பதில்: ஊசிமுனை

நான் வீட்டில் இருந்தபடியே தைத்துக் கொடுப்பவள். பால் கொடுக்கும் அம்மாக்களுக்குத் தைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும், இரவையும் சேர்த்து. அத்தனை முறையும் உங்கள் ஒரு கை குழந்தையைத் தாங்கிக்கொண்டிருக்கும். மிச்சம் இருப்பது ஒரு கை. அந்த ஒரு கையால், அரைத் தூக்கத்தில், குனிந்து பார்க்காமல் திறக்கவும் மூடவும் முடிகிறதா? இந்த உடைக்கு வைக்கவேண்டிய பரீட்சை இது ஒன்றுதான். கழுத்து டிசைன், கை நீளம், ஃப்ரில் எல்லாம் அதற்கு அப்புறம். இதில் தேறாத உடை எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாம் வாரத்திலேயே அலமாரிக்குள் போய்விடும்.

ரெடிமேடில் திறப்பு தப்பான இடத்தில் இருப்பதாகச் சொன்னீர்களே, அதற்குக் காரணம் உண்டு. சராசரி அளவை வைத்து, நிற்கும் உடம்புக்கு வெட்டுகிறார்கள். நீங்கள் பால் கொடுக்கப் போவது உட்கார்ந்து, இல்லையென்றால் ஒருக்களித்துப் படுத்து. அதனால் அளவை உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். குழந்தையை வைத்திருப்பதுபோல ஒரு தலையணையைக் கையில் ஏந்திக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, ஷோல்டரில் கழுத்து தொடங்கும் இடத்திலிருந்து பாயிண்ட் வரை, அதாவது மார்பின் முனையில் காம்பு இருக்கும் இடம் வரை, இஞ்ச் டேப் பிடிக்கச் சொல்லுங்கள். அடுத்து ஒரு பாயிண்டிலிருந்து இன்னொரு பாயிண்டுக்கு உள்ள அகலம். அப்புறம் எழுந்து நின்று அதே இரண்டு அளவையும் எடுங்கள். உட்கார்ந்தபோது பாயிண்ட் கீழே இறங்கியிருப்பது உங்களுக்கே தெரியும். நான் திறப்பைக் குறிப்பது அந்த உட்கார்ந்த அளவை வைத்துத்தான். அளவு எடுக்கும்போது பிறகு போடப்போகும் மெல்லிய பாடியைத்தான் போட்டிருக்க வேண்டும். கம்பி வைத்த பாடி பாயிண்டைத் தூக்கிக் காட்டிவிடும்.

இப்போது எடுத்த அளவு பிறகு பொருந்துமா என்றால், அப்படியே பொருந்தாது. பிரசவமாகி இரண்டிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பால் கட்டிக்கொண்டு மார்பு கனத்துவிடும். அந்தச் சமயத்தில் கைபட்டாலே வலிக்கும். சில வாரங்களில் குழந்தை குடிக்கும் அளவுக்குத் தக்கபடி உடம்பு சமநிலைக்கு வரும். ஒரே நாளிலேயே காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு என்று மாறும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அதனால் முதல் இரண்டு உடையை மார்புச் சுற்றளவுக்கு மேல் 4 அங்குலத்துக்குக் குறையாமல் லூஸ் வைத்து இப்போது தையுங்கள். மற்றவற்றுக்குத் துணியை மட்டும் வாங்கித் துவைத்து மடித்து வையுங்கள், குழந்தைக்கு ஒன்றரை இரண்டு மாதம் ஆனதும் திரும்ப அளந்து தைத்துக்கொள்ளலாம். இறுக்கமாகத் தைத்து வைக்கவே வேண்டாம். மார்பின் ஓரிடத்தில் துணியோ எலாஸ்டிக்கோ தொடர்ந்து அழுத்தினால் அங்கே பால் கட்டிக்கொண்டு வேதனை தரும். அக்குள் ஓரத்திலும் மார்புக்கு அடியிலும் எந்தத் தையலும் அழுத்தக்கூடாது.

திறப்பின் நீளம் 8 அங்குலம் இருக்கட்டும். பாயிண்டுக்கு மேலே இரண்டரை அங்குலத்தில் தொடங்கி, கீழே ஐந்தரை அங்குலத்தில் முடிய வேண்டும். மேல் பக்கத்தைவிடக் கீழ்ப்பக்கம் ஏன் அதிகம் என்று கேட்பீர்கள். திறப்பின் கீழ் முனை பாயிண்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டால், துணி விளிம்பு மார்பைக் கீழிருந்து முட்டும், குழந்தையின் தாடையும் அந்த விளிம்பில் இடிக்கும். கீழே தாராளமாகத் திறந்தால் துணி தானாக விலகி நிற்கும். குறுக்கே பார்த்தால், பாயிண்டுக்கு நேர் மேலே வைக்காமல் அரை அங்குலம் நடுப்பக்கமாகத் தள்ளி வையுங்கள். முதல் வாரங்களில் காம்பு புண்ணாக இருக்கலாம், ஜிப் அதன்மேல் உரசக்கூடாது.

சரி, ஜிப்பா பட்டனா.

பட்டன் வைத்த முன்திறப்புச் சட்டை பகலில் நன்றாகவே உதவும். ஆனால் ஒரு பட்டன் சரியாகப் பாயிண்ட் மட்டத்தில் வரவேண்டும். அதை முதலில் குறித்துவிட்டு, மேலும் கீழும் இரண்டரை மூன்று அங்குல இடைவெளியில் மற்றதைக் குறியுங்கள். கழுத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் நெஞ்சுப் பகுதியில் இரண்டு பட்டனுக்கு நடுவே துணி வாய் பிளக்கும். சாதாரண பட்டனை ஒரு கையால் திறந்துவிடலாம், திரும்ப மாட்டுவதுதான் கஷ்டம். டிச் பட்டன் அதற்குத் தேவலாம், இழுத்தால் திறக்கும், அழுத்தினால் மூடும். எந்தப் பட்டனாக இருந்தாலும் நூலை இறுக முடிந்து தையுங்கள், வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கழன்ற பட்டன் குழந்தையின் வாய்க்குப் போனால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மணி, ஜமிக்கி, கல் வேலை எதுவும் நெஞ்சுப் பக்கம் வேண்டாம். குழந்தையின் கன்னம் உரசும் இடம் அது.

ஒன்றின் மேல் ஒன்று மடியும் மாதிரிக்கு ஜிப்பும் வேண்டாம், காஜாவும் வேண்டாம். ஆனால் நேர்த்தியாக வர இரண்டு விஷயம் உண்டு. மடிப்பு ஒன்றின் மேல் ஒன்று குறைந்தது 5 அங்குலம் ஏறி நிற்க வேண்டும், இல்லையென்றால் குனியும்போது விலகிவிடும். கழுத்து ஓரம் சாய்வாக வெட்டப்படுவதால் துணி இழுபட்டு நீண்டு தொங்கும். வெட்டிய உடனே, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், ஓரத்தை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். உள்ளே ஒரு மெல்லிய நாடாவையும் சேர்த்துப் பிடித்தால் வடிவம் மாறாமல் இருக்கும்.

ஜிப்தான் என் முதல் தேர்வு, இரவு நேர உடைக்கு முக்கியமாக. நைலான் பல் உள்ள மறைவு ஜிப் (மூடினால் பல் வெளியே தெரியாத ரகம்) வாங்குங்கள். உலோகப் பல் குளிரும், கீறும், துவைக்கும்போது வளையும். ஜிப்பை மூடியிருக்கும்போது ரன்னர் மேலே நிற்கிற மாதிரி வையுங்கள். துணி தோளிலிருந்து தொங்குகிறது, அதனால் ரன்னரைக் கீழே இழுத்தால் தோளே துணியைப் பிடித்துக்கொள்ளும், உங்களுக்கு இன்னொரு கை தேவைப்படாது. தலைகீழாக வைத்து மேலே இழுத்துத் திறக்கிற மாதிரி செய்தால் உடை முழுவதும் சேர்ந்து மேலே ஏறும்.

தைக்கும் முறை. முன்பக்கத்தில் நெடுக்காக ஒரு இணைப்பு இருந்தால் அதற்குள் ஜிப் போகும். முன்பக்கத்தை நடுத்துண்டு ஒன்று, பக்கத்துண்டு இரண்டு என்று வெட்டி நெடுக்காக இணைக்கும் பிரின்சஸ் கட்டில் அது தானாகவே இருக்கிறது. இணைப்பில் தையலுக்கு முக்கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஜிப் வரும் இடத்தில் துணியின் உள்பக்கம் ஒரு அங்குல அகலத்துக்கு மெல்லிய ஃபியூசிங் பட்டை (இஸ்திரி சூட்டில் ஒட்டிக்கொள்ளும் துணி) ஒட்டுங்கள். வளைவில் துணி இழுபட்டு ஜிப் அலைஅலையாக நிற்காமல் இருப்பதற்கு இதுதான் வழி. ஜிப்பைத் திறந்து, சுருண்டு நிற்கும் பல்லைப் பின்பக்கமாகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு நிமிர்த்துங்கள். சூடு கூடினால் நைலான் உருகிவிடும். நடுத்துண்டின் நல்ல பக்கத்தின் மேல் ஜிப்பின் நல்ல பக்கம் படும்படி வைத்து, கையால் நீள ஓட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டு, பல்லை ஒட்டினாற்போல மிஷினில் தையுங்கள். அப்புறம் பக்கத்துண்டோடு அடுத்த பாதி. இரண்டும் முடிந்த பிறகுதான் ஜிப்புக்கு மேலும் கீழும் உள்ள இணைப்பை மூட வேண்டும். இணைப்பை முதலில் மூடிவிட்டு ஜிப்பை உள்ளே திணிப்பது பைக்குச் சரி, மறைவு ஜிப்புக்கு வேலைக்கு ஆகாது. நீளம் கூடுதலாக இருந்தால், வேண்டிய இடத்தில் பல்லின் குறுக்கே நூலால் ஏழெட்டு முறை சுற்றித் தைத்துவிட்டு, அதற்கு அரை அங்குலம் கீழே வெட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக உள்பட்டி. இதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். இரண்டரை அங்குல அகல மெல்லிய காட்டன் துண்டை நீளவாக்கில் பாதியாக மடித்து, ஜிப்புக்குப் பின்னால், நடுத்துண்டின் தையல் விளிம்பில் மட்டும் பிடித்துத் தையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருப்பதால் திறக்கும்போது அதுவும் கதவு மாதிரி விலகும், மூடினால் உங்கள் தோலுக்கும் பல்லுக்கும் நடுவே நிற்கும். வெட்டிய ஜிப் முனைகள் இரண்டையும் துணியால் சுற்றி மூடிவிடுங்கள். அந்த முனை விறைப்பாக நின்று, முள்மாதிரி குத்தும்.

துணி: மெல்லிய பாப்ளின், மல் காட்டன், டபுள் காஸ் (இரண்டு மெல்லிய அடுக்காக நெய்த காட்டன்) எல்லாம் நல்லது. ரேயான் உடம்போடு இழைந்து விழும். ஆனால் ஈரத்தில் அதன் இழை பலம் குறையும், அடித்துத் துவைத்தால் சீக்கிரம் நைந்துபோகும். எதை வாங்கினாலும் வெட்டுவதற்கு முன்னால் நன்றாக நனைத்துத் துவைத்துக் காயவையுங்கள். காட்டன் சுருங்கும், ஜிப் பட்டை சுருங்காது. துவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே ஜிப் புடைத்து நெளிந்துவிடும். கைத்தறி, மில் துணி கணக்கெல்லாம் பார்க்கவேண்டாம், உங்கள் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உறுத்தாவிட்டால் எடுங்கள்.

பதில்: ஜன்னலோரம்

ஊசிமுனை அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். டி-சர்ட் கேள்விக்கு மட்டும் நான் எழுதுகிறேன், என் பகல் உடை முழுவதும் அதுதான்.

ஒரே அளவில் இரண்டு டி-சர்ட் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று நல்லதாக, ஒன்று பழையதாக. நல்லது வெளியே வரும். அதன் முன்பக்கத்தை மட்டும் மார்புக்குக் கீழே 3 அங்குலத்தில் குறுக்காக வெட்டுங்கள். மேல் பாதியின் ஓரத்தை மடித்துத் தையுங்கள், அதுதான் தூக்கும் மூடி. பழைய டி-சர்ட்டிலிருந்து முன்பக்கத் துண்டை மட்டும் வெட்டி எடுங்கள். அதன் இரண்டு பக்கமும் கைக்குழியை நடுப்பக்கமாக ஆழமாக வளைத்து, மார்புக்கு அடி வரை இறக்கி வெட்டுங்கள். பார்க்க முதுகு குறுகிய பனியன் மாதிரி இருக்கும். நடுவில் 5 அங்குலம் நிற்கட்டும். அந்த ஓரங்களை மடித்துத் தைத்துவிட்டு, இந்தத் துண்டை உள்ளே வைத்து, தோள் தையலிலும் பக்கத் தையலிலும் சேர்த்துப் பிடியுங்கள். நல்ல டி-சர்ட்டின் கீழ்ப் பாதியை உள்துண்டின் மேல் வைத்துத் தைத்தால் வெளியே ஒரே நிறமாகத் தெரியும். மூடி அந்தத் தையலின் மேல் ஓர் அங்குலமாவது இறங்கி நிற்க வேண்டும். ஒரே கோட்டில் வெட்டி ஓரத்தையும் மடித்துவிட்டதால் மேல் பாதிக்கு நீளம் போதாது, அதனால் பழையதிலிருந்து ஒரு பட்டை எடுத்து ஓரத்தில் ஒட்டுப்போட்டுவிடுங்கள், அதுவே ஒரு டிசைனாகத் தெரியும்.

பால் கொடுக்கும்போது மூடியைத் தூக்கினால் போதும், வயிறும் இடுப்பும் உள்துண்டால் மூடியே இருக்கும். பிரசவம் ஆன புதிதில் வயிறு திறந்து தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

பனியன் துணிக்குச் சாதாரண ஊசி வேண்டாம். முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி, 75 அல்லது 80 நம்பர், வாங்குங்கள். கூர்முனை ஊசி பனியன் துணியின் கண்ணியை அறுத்துவிடும், துவைக்கத் துவைக்க அந்தத் துளை ஓட்டையாகப் பெரிதாகும். தையல் நேராகப் போட்டால் இழுக்கும்போது நூல் அறும். மிகக் குறுகிய ஜிக்ஜாக் போடுங்கள், அகலம் 1 மில்லிமீட்டர், நீளம் இரண்டரை. தைக்கும்போது துணியை இழுக்காதீர்கள், மிஷின் பல்லே நகர்த்திக்கொள்ளட்டும். ஒற்றை ஜெர்ஸி (சாதாரண மெல்லிய டி-சர்ட் துணி) வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும், இன்டர்லாக் (இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும் தடித்த பனியன் துணி) சுருளாது. பழைய டி-சர்ட்டில் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் சுருளாததை எடுங்கள்.

புதுநூல்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தலையணையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்து அளந்து பார்த்தேன். நின்ற அளவுக்கும் உட்கார்ந்த அளவுக்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம் வருகிறது! அந்த நைட்டியில் திறப்பு மேலே நின்றதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது.

இன்னும் இரண்டு கேள்வி. என்னிடம் இருக்கும் நைட்டி பேட்டர்ன் யோக் வைத்தது. யோக்குக்குக் கீழே சுருக்கு வைத்து நேராக இறங்கும். பிரின்சஸ் கட் எனக்கு வராது. அந்த நைட்டியிலேயே, ஜிப் இல்லாமல், நேர்த் தையல் மட்டும் வைத்து ஒரு திறப்பு செய்ய முடியுமா? இன்னொன்று, அறுவைசிகிச்சை ஆகவும் வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்காக உடையில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில்: ஊசிமுனை

முடியும். யோக் நைட்டிதான் இதற்கு ரொம்பப் பொருத்தம்.

முதலில் யோக் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அது பாயிண்டுக்கு மேலே 3 அங்குலத்தில் முடிய வேண்டும், உட்கார்ந்த அளவில்தான். நீளமாக இருந்தால் குறைத்து வெட்டுங்கள்.

யோக்குக்குக் கீழே வரும் முன்பக்கத்தை ஒரே துண்டாக வெட்டாமல் மூன்றாக வெட்டுங்கள். நடுத்துண்டு ஒன்று, பக்கத்துண்டு இரண்டு. நடுத்துண்டின் ஓரம் ஒவ்வொரு பக்கமும் பாயிண்டைத் தாண்டி ஓர் அங்குலம் வெளியே போக வேண்டும். பக்கத்துண்டுகள் நடுத்துண்டுக்கு அடியில் இரண்டரை அங்குலம் நுழைய வேண்டும். அதாவது, நடுத்துண்டு மேலே, பக்கத்துண்டு கீழே, ஒன்றின் மேல் ஒன்று. எல்லா ஓரத்துக்கும் மடிக்க முக்கால் அங்குலம் கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள். நெடுக்கு ஓரங்கள் நான்கையும் இரண்டு மடிப்பாக மடித்துத் தைத்துவிடுங்கள். அப்புறம் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, மேல் ஓரத்தை ஊசியால் பிடித்து, மூன்று துண்டையும் ஒரே துண்டு மாதிரி நினைத்து யோக்கோடு சேர்த்துத் தையுங்கள். சுருக்கை நடுத்துண்டின் மத்தியிலும், பக்கத்துண்டின் கைக்குழிப் பக்கத்திலும் மட்டும் வையுங்கள். இரண்டும் அடுக்கி நிற்கும் இடத்தில் சுருக்கு கூடாது, தடித்துப்போகும்.

யோக் தையலிலிருந்து 8 அங்குலம் கீழே அளந்து சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து நைட்டியின் கீழ் ஓரம் வரை நடுத்துண்டின் ஓரத்தை ஒட்டி மேலே ஒரு நேர்த் தையல், உள்ளே இருக்கும் பக்கத்துண்டையும் பிடித்தபடி. தொடங்கும் இடத்தில் முன்னும் பின்னும் மூன்று தரம் ஓட்டுங்கள், எப்போதும் இழுபடும் முனை அது. உள்ளே ஒரு சின்னத் துணித்துண்டை வைத்து ஓட்டினால் கிழியவே கிழியாது. அவ்வளவுதான், மேல் 8 அங்குலம் தைக்கப்படாமல் நிற்கிறது, அதுவே திறப்பு. பாதி நீளத்தில் ஒரு டிச் பட்டன் வைத்தால் நடக்கும்போது விலகாது. நடுத்துண்டின் ஓரத்தை விரலால் நெம்பி நடுப்பக்கமாகவும், அடியில் இருக்கும் பக்கத்துண்டின் ஓரத்தை வெளிப்பக்கமாகவும் ஒதுக்கினால் திறந்துவிடும், விட்டால் தானே வந்து மூடிக்கொள்ளும். இதில் உரச ஒன்றுமில்லை, உடைய ஒன்றுமில்லை. புதிதாகத் தைப்பவர்கள் எல்லோரும் இதில் தொடங்குவதைத்தான் நான் விரும்புகிறேன்.

நல்ல துணியை வெட்டுவதற்கு முன் பழைய படுக்கை விரிப்பில் நெஞ்சுப் பகுதியை மட்டும் ஒருமுறை தைத்துப் பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டு, தலையணையைக் கையில் வைத்து, கண்ணை மூடித் திறந்து பாருங்கள், மூடிப் பாருங்கள். வலது கையால் ஒருமுறை, இடது கையால் ஒருமுறை. படுத்தும் பாருங்கள்.

அறுவைசிகிச்சை ஆனால், வெட்டு பெரும்பாலும் அடிவயிற்றில் குறுக்காக இருக்கும். சாதாரணமாகப் பாவாடை நாடாவோ பேண்ட் எலாஸ்டிக்கோ அதன் பக்கத்தில்தான் வந்து உட்காரும். அதனால் முதல் வாரங்களுக்கு இடுப்பில் ஒன்றுமே கட்டாத நைட்டிதான் சுகம். பேண்ட் வேண்டுமென்றால் எலாஸ்டிக் தொப்புளுக்கு மேலே வருகிற மாதிரி உயரமாக வெட்டி, அகல எலாஸ்டிக்கைத் தளர்வாக வையுங்கள். நைட்டியின் நீளம் கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும். எழும்போது காலில் மாட்டினால் சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் எழுதும்போது உங்களுக்குப் பயம் வந்துவிடக்கூடாது. எப்படிப் பிறந்தாலும் இந்த நைட்டி உதவும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதில்: தூங்காதவிழி

இரண்டாவது குழந்தைக்கு இப்போது பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உடை பற்றி அக்காமார்கள் சொன்னதில் சேர்க்க ஒன்றும் இல்லை. பால் கசிவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் சொட்டும். குழந்தை அழும் சத்தம் கேட்டாலே சிலருக்குக் கசிந்துவிடும். அதனால் துணி எடுக்கும்போது சின்னச் சின்னப் பூ, கட்டம், பல நிறம் கலந்த அச்சு என்று எடுங்கள். ஈரம் தெரியாது. ஒரே நிறத்தில் சாம்பல், வெளிர் நீலம் எல்லாம் ஒரு சொட்டைக்கூடக் காட்டிக்கொடுக்கும்.

உள்ளே வைக்கும் பேடையும் நீங்களே தைத்துவிடலாம், துண்டுத் துணி போதும். 5 அங்குல வட்டம். உடம்பில் படும் பக்கம் ஃபிளானல் அல்லது பழைய மென்மையான பனியன் துணி, நடுவில் டவல் துணி இரண்டு அடுக்கு, வெளியே நெருக்கமாக நெய்த காட்டன். ஒவ்வொரு வட்டத்திலும் ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி ஒரு சின்ன டாட் (கூம்பாக மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்தால் கிண்ணமாகக் குழிந்து நிற்கும், தட்டையாக இருந்தால் பாடிக்குள் சுருண்டு வெளியே தெரியும். அடுக்குகளின் டாட் எல்லாம் ஒரே இடத்தில் வந்து மேடாகாமல் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி வைத்து, ஓரத்தில் ஜிக்ஜாக் ஓட்டிவிடுங்கள். ஒரு டஜனாவது வேண்டும், நனைந்தவுடன் மாற்ற வேண்டும். ஈரத்தோடு வைத்திருந்தால் தோல் ஊறி, புண் ஆறாது. துவைக்கும்போது துணி மிருதுவாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், டவல் துணி ஈரம் உறிஞ்சும் தன்மையை இழந்துவிடும். வெளியே போகும்போது நனையக்கூடாது என்றால் வெளி அடுக்குக்கு நீர்புகாத் துணி வைக்கலாம். அதில் குண்டூசி குத்தினால் அந்தத் துளை வழியாகக் கசியும், துணிக் கிளிப் போட்டுப் பிடித்துத் தையுங்கள். வீட்டில் இருக்கும்போது காற்று போகிற காட்டனே நல்லது.

இன்னொன்று. குழந்தைக்கு முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதற்கு அப்புறம் மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையோ அதற்கு மேலுமோ கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் இது கொஞ்ச நாள் உடை என்று நினைத்து மட்டத் துணி வாங்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த நிறத்தில், வெளியே போகும்போதும் போடுகிற மாதிரி இரண்டு உடையாவது தையுங்கள். நம் உடம்பு நமக்கே புதிதாகத் தெரியும் நாட்களில், பிடித்த உடையைப் போடுவது மனதுக்கு அவ்வளவு தெம்பு கொடுக்கிறது.

புதுநூல்

பழைய விரிப்பில் நெஞ்சுப் பகுதியைத் தைத்துவிட்டேன்! நேர்த் தையல் மட்டும்தான், சுலபமாக வந்தது. இடது பக்கத் திறப்பு வலது கையால் சட்டென்று விலகுகிறது. ஆனால் ஒருக்களித்துப் படுத்தால் கீழே இருக்கும் பக்கத்துத் திறப்பு உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. அளவைத் தள்ளி வைக்க வேண்டுமா?

பதில்: ஊசிமுனை

திறப்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது, தள்ளி வைக்காதீர்கள். படுக்கும்போது துணி தோளிலிருந்து தொங்குவதில்லை, உடம்புக்கு அடியில் சிக்கி இழுபடுகிறது. அங்கே தேவைப்படுவது லூஸ். பக்கத்துண்டு ஒவ்வொன்றையும் கைக்குழிப் பக்கம் ஒன்றரை அங்குலம் அகலமாக வெட்டி, அந்தக் கூடுதலை யோக்கில் சுருக்காக வாங்கிக்கொள்ளுங்கள். கைக்குழி வளைவை மாற்ற வேண்டாம், அதற்குக் கீழே பக்கத் தையலில் மட்டும் அகலம் கூடினாலும் போதும். அப்புறம் டிச் பட்டனை நடு நீளத்திலிருந்து ஓர் அங்குலம் மேலே ஏற்றுங்கள். படுத்திருக்கும்போது கட்டைவிரல் முதலில் படுவது மேல் பாதியில்தான், அங்கே அழுத்தினால் மூடிவிடும்.

நல்ல துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டீர்களா? காய்ந்ததும் நூல் ஓட்டம் நேராக இருக்கிறதா என்று பார்த்து இஸ்திரி போட்டு, முதலில் நடுத்துண்டை வெட்டுங்கள். அகலத்தைத் திரும்ப ஒருமுறை உட்கார்ந்து அளந்துவிட்டு.